அப்பாவுக்கு வெறும் மறதியா, டிமென்ஷியாவா? சித்தூர், திருப்பதி பக்கம் பெற்றோர் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சித்தூருக்கு போன் போடுகிறீர்கள். "எப்ப வர்றே?" என்று கேட்கிறார் அப்பா. "அடுத்த மாசம்பா" என்கிறீர்கள். ஐந்து நிமிஷத்தில் மறுபடி, "எப்ப வர்றே?" மூன்றாவது தடவை அவர் கேட்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொள்கிறார். "அவருக்கு வயசாயிடுச்சு, அப்படித்தான். நீ சாப்பிட்டியா?" பேச்சு மாறிவிடுகிறது.

டிமென்ஷியா ஆரம்பக் கட்டத்தில் கண்ணில் படாமல் போவது பல குடும்பங்களில் இப்படித்தான். ஆஸ்பத்திரி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும், "ஏதோ மாறியிருக்கு" என்று வீட்டில் ஒருவர் சொன்னால்தான் பரிசோதனையே தொடங்கும். தினமும் கூட இருப்பவர்களுக்கு மெதுவாக வரும் மாற்றம் பழகிப்போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் உங்களுக்குத்தான் வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம்.

டிமென்ஷியா என்றால் என்ன?

அது ஒரே ஒரு நோயின் பெயர் இல்லை. மூளை செல்கள் பாதிக்கப்பட்டு நினைவு, பேச்சு, திட்டமிடுவது, முடிவெடுப்பது, நடத்தை ஆகியவை படிப்படியாகக் குறைந்து, அன்றாட வேலைகளையே தனியாகச் செய்ய முடியாமல் போகும் நிலைக்குப் பொதுப்பெயர். அதற்கு மிக அதிகமாகக் காரணமாக இருப்பது அல்சைமர். மூளை ரத்தக்குழாய் பாதிப்பால் வருவது வாஸ்குலர் டிமென்ஷியா. லூயி பாடி, ஃப்ரான்டோடெம்போரல் என்று வேறு வகைகளும் உண்டு. ஒருவருக்கே இரண்டு வகை சேர்ந்து வருவதும் சாதாரணம்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக லாசி-டாட் என்ற தேசிய ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. அதாவது சுமார் 88 லட்சம் பேர், 13 அல்லது 14 முதியவர்களில் ஒருவர். ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் விகிதம் கூடுதல். 2036-க்குள் எண்ணிக்கை 1 கோடியே 69 லட்சத்தைத் தொடும் என்பது அதே ஆய்வின் கணிப்பு.

இவ்வளவு பேர் இருந்தும் ஏன் தெரிவதில்லை?

இதற்கான பதில் சித்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களும் சென்னையும் 10/66 என்ற சர்வதேச டிமென்ஷியா ஆய்வின் இந்தியக் களங்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி நடப்பதில்லை என்பதால் வந்த பெயர் அது.

ஏழு நாடுகளில் நடந்த அந்த ஆய்வின் முடிவுகள் 2008-ல் லான்செட் இதழில் வந்தன. டி.எஸ்.எம்-4 என்ற அமெரிக்க அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, இந்தியக் கிராமக் களத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். ஆனால், படிப்பறிவும் கலாசாரமும் குறுக்கே வராதபடி வடிவமைத்த 10/66 முறையில் கணக்கிட்டபோது எந்த நாட்டுக் களத்திலும் விகிதம் 5.6 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை. அதே ஊர், அதே மனிதர்கள். அளவுகோல் மாறியதும் எண்ணிக்கை பல மடங்கு கூடியது.

அமெரிக்க அளவுகோலின்படி, நினைவாற்றல் குறைந்திருப்பதோடு அதனால் வேலையோ சமூக வாழ்க்கையோ பாதிக்கப்பட்டதும் தெரிய வேண்டும். கிராமக் குடும்பங்கள் அப்படி ஒரு பாதிப்பைச் சொல்வதே குறைவு என்று ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். காரணத்தை நம் வீடுகளை வைத்தே யோசித்துப் பார்க்கலாம். பேங்க் வேலையை மகன் பார்த்துக்கொள்கிறான். சமையலை மருமகள் எடுத்துக்கொள்கிறாள். மாத்திரையைப் பாட்டி எடுத்துக் கொடுக்கிறார். தாத்தாவால் எதையெல்லாம் தனியாகச் செய்ய முடியவில்லை என்பது வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. தமிழில் "வயசானா அப்படித்தான்" என்கிறோம். தெலுங்கில் மறதிக்கு "மதிமருப்பு", சொன்னதையே சொன்னால் "சாதஸ்தம்" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறார்கள். அன்பால் தாங்கிப் பிடிப்பதுதான், ஆனால் அதுவே நோயை மறைத்தும் விடுகிறது.

எது சாதாரண மறதி, எது கவனிக்க வேண்டியது?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்து, கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்தால் அது வயதின் மறதி. அது எதற்கான சாவி என்றே தெரியாமல் நின்றால் கவனிக்க வேண்டும். பழைய நண்பரின் பெயர் சட்டென்று வராதது சாதாரணம். காலையில் வந்துவிட்டுப் போன நண்பர் வந்ததையே மறுப்பது சாதாரணம் இல்லை.

ஒருவர் முன்பு எப்படி இருந்தார் என்பதுதான் முக்கியமான ஒப்பீடு. முப்பது வருஷம் மாங்காய் மண்டிக் கணக்கை மனதிலேயே போட்டவர் இப்போது மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் திணறுகிறாரா? கண்ணை மூடிக்கொண்டு ரசம் வைத்தவர் புளி கரைக்க மறக்கிறாரா? தினமும் நடந்த தெருவில் வழி தெரியாமல் நின்றாரா? பேச்சின் நடுவே சொல் கிடைக்காமல் "அது, அந்த இது" என்றே போகிறதா? கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கிவிட்டாரா, அல்லது இல்லாத சந்தேகம் வந்து "என் நகையை எடுத்துட்டா" என்று வீட்டு ஆளையே குற்றம் சொல்கிறாரா?

இவற்றில் இரண்டு மூன்று சில மாதங்களாகத் தொடர்ந்தால், போன் நோட்ஸில் தேதியோடு எழுதி வையுங்கள். "மறதி இருக்கு டாக்டர்" என்பதைவிட, "பிப்ரவரியில் முதல் தடவை வழி தவறினார், ஏப்ரலில் ஒரே கரன்ட் பில்லை இரண்டு தடவை கட்டினார்" என்ற குறிப்பு டாக்டருக்கு ரொம்ப உதவும்.

ஒரு எச்சரிக்கை. நேற்று வரை சரியாக இருந்தவர் ஓரிரு நாளில் குழம்பிப்போய் ஆள் தெரியாமல் பேசினால், அதை டிமென்ஷியா என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அது டெலிரியம் அல்லது பக்கவாதமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது, புதிய மாத்திரை என்று காரணங்கள் பல. உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

டிமென்ஷியாவை ஒரே ஒரு ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ உறுதி செய்துவிடாது. முதலில் குடும்பத்தினரிடம் விவரம் கேட்பார்கள். பிறகு உடல் பரிசோதனை, நினைவாற்றல் சோதனை, ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.

ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். பி12 குறைபாடு, தைராய்டு சுரப்பு குறைவது, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், தலையில் அடிபட்டு மெதுவாகக் கசியும் ரத்தம், மூளையில் நீர் தேங்குவது ஆகியவையும் டிமென்ஷியா போலவே தெரியும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு, நிலைமை தேறவும் வாய்ப்பு உண்டு. "எப்படியும் குணமாகாது, எதுக்குக் காட்டணும்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே முதல் பதில். காது சரியாகக் கேட்காததையும் சிலசமயம் மறதி என்று நினைத்துவிடுவோம். அதையும் பார்த்துவிடுங்கள்.

சோதனை எந்த மொழியில்?

சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கம் இந்தக் கேள்வி முக்கியம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பள்ளியில் படித்தது இரண்டில் ஏதோ ஒன்று, அல்லது பள்ளிக்கே போகவில்லை. நினைவாற்றல் சோதனையில் வார்த்தைகளை ஞாபகம் வைத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், பொருட்களின் பெயர் சொல்ல வேண்டும். பழகாத மொழியில் கேட்டால் நன்றாக இருப்பவருக்கும் மார்க் குறையும். எழுதப் படிக்கத் தெரியாதவரை வாக்கியம் எழுதச் சொன்னாலும் அப்படித்தான்.

ஏ.சி.இ-3 என்ற விரிவான சோதனை தமிழ், தெலுங்கு இரண்டிலும் தரப்படுத்தப்பட்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும்படி உருவாக்கிய சோதனைத் தொகுப்பு முதலில் வந்த ஐந்து இந்திய மொழிகளில் தெலுங்கு உண்டு, தமிழ் இல்லை. அதனால் திருப்பதியில் காட்டினாலும் வேலூரில் காட்டினாலும், அப்பா எந்த மொழியில் யோசிப்பவர், எத்தனாவது வரை படித்தவர் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "தமிழ்ல டெஸ்ட் பண்ண முடியுமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

இரண்டு மொழி பேசுவதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. நோயே வராது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நோய் முற்றும்போது சிலர் பின்னால் கற்ற மொழியை விட்டுத் தாய்மொழிக்கே திரும்புவதும் உண்டு. வெளியிலிருந்து ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் இதை நினைவில் வைப்பது நல்லது.

எங்கே காட்டலாம்?

மருத்துவத்தில் இதைப் பார்க்கும் துறைகள் நியூராலஜி, மனநலம், முதியோர் மருத்துவம். மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் "பைத்தியம்னு சொல்றாங்களா?" என்று பெரியவர்கள் பதறலாம். "ஞாபக சக்தி டெஸ்ட்" என்று சொல்லியே கூட்டிப்போகலாம்.

திருப்பதியில் ஸ்விம்ஸில் நியூராலஜி துறை இருக்கிறது. எஸ்.வி. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ரூயா அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர், வேலூர் அதில் பாதி தூரம்தான். வேலூர் சி.எம்.சி.யில் மூன்று துறைகளும் உண்டு. அப்பாவை உங்களோடு அழைத்து வந்தே காட்டுவதென்றால், பெங்களூரில் நிம்ஹான்ஸ். சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பின் டிமென்ஷியா பிரிவான டெம்கேர்ஸ், 2024-ல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை.

உடனே போக முடியாவிட்டால் 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இயங்கும், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். பார்த்துக்கொள்பவரின் மன அழுத்தத்துக்கும் இதையே அழைக்கலாம். முதியோர் தொடர்பான மற்ற உதவிகளுக்கு எல்டர்லைன் எண் 14567.

மருந்து இருக்கிறதா?

அல்சைமரை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. டோனெபெசில், ரிவாஸ்டிக்மைன், மெமன்டின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் கட்டுக்குள் வைக்கும். வாஸ்குலர் வகையில் பிபி, சர்க்கரை, கொழுப்பைக் கட்டுப்படுத்துவதுதான் முக்கியம். 2023-ல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்த லெகனமேப் ஊசி, ஆரம்பக் கட்ட அல்சைமரில் வேகத்தை ஓரளவு குறைக்கும், நிறுத்தாது. மூளையில் வீக்கம், ரத்தக்கசிவு போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. "நினைவாற்றலைத் திருப்பித் தரும்" என்று விளம்பரம் செய்யும் பொடி, லேகியத்துக்குப் பணம் கட்டும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோபம், அலைச்சல், தூக்கமின்மைக்காக மயக்கம் தரும் மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். கீழே விழும் ஆபத்து கூடும், குழப்பமும் அதிகமாகலாம்.

வீட்டில் எப்படி நடந்துகொள்வது?

"நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்?" என்று பரீட்சை வைப்பதை முதலில் நிறுத்துங்கள். பதில் தெரியாத அவமானம் அவருக்கு, அதைப் பார்க்கும் வேதனை உங்களுக்கு. "அப்பா, நான் கார்த்தி வந்திருக்கேன்" என்று பெயர் சொல்லியே ஆரம்பியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசுங்கள். "என்ன சாப்பிடறீங்க?" என்பதைவிட "இட்லியா, தோசையா?" என்பது சுலபம்.

வாதாடாதீர்கள். இறந்துபோன தன் அம்மாவை அவர் தேடினால், "அவங்க போய் இருபது வருஷமாச்சு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வது ஒவ்வொரு தடவையும் புதுச் சாவுச் செய்தி. "பாட்டி ஞாபகம் வந்துடுச்சா? அவங்க வைக்கிற குழம்பைப் பத்திச் சொல்லுங்க" என்று பேச்சைத் திருப்பலாம்.

வேலையை மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். கீரை ஆய்வது, பூ கட்டுவது, துணி மடிப்பது, விளக்கு ஏற்றும்போது கூட நிற்பது எல்லாம் அவரால் முடியும்வரை நடக்கட்டும். கேஸை மூடிவைப்பது, குளியலறையில் கைப்பிடி, இரவு விளக்கு, நாள்வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை.

வழி தவறுவது பெரிய ஆபத்து. திருமலை போன்ற கூட்டத்தில் ஒரு நிமிஷம் கைவிட்டால் போதும். சட்டைப்பையில் போன் நம்பர் எழுதிய அட்டை, கையில் பெயர்ப் பட்டை, அன்று காலை அவர் போட்டிருக்கும் உடையோடு எடுத்த ஒரு போட்டோ, இந்த மூன்றும் இல்லாமல் கிளம்பாதீர்கள். மொட்டை போட்டால் அதற்குப் பிறகும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அடையாளமே மாறிவிடும். மணிக்கணக்கில் கியூவில் அடைபட்டு இருப்பது அவரைக் கலங்கடிக்கும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தரிசன ஏற்பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது.

பார்த்துக்கொள்பவரை யார் பார்த்துக்கொள்வது?

குடும்பத்தினர் தினமும் சராசரியாக ஐந்து மணி நேரத்தை இதற்குச் செலவிடுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் அம்மா அல்லது மருமகள். அம்மாவுக்கே 65 வயது, முட்டி வலி, பிபி. ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறார். உங்களிடம் கேட்டால் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பார்.

கோவாவில் 81 குடும்பங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. டாக்டர்கள் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். நோய் என்ன, கோபம் வந்தால் எப்படிச் சமாளிப்பது, உதவிகளை எங்கே கேட்பது என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் தேறியது. விளக்கிச் சொல்லவும் காது கொடுத்துக் கேட்கவும் ஓர் ஆள் கிடைத்ததே பலன் தந்திருக்கிறது.

தூரத்தில் இருக்கும் நீங்கள் அந்த ஆளாக இருக்கலாம். "அப்பா எப்படி இருக்கார்?" என்பதற்கு முன் "நீ நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினேம்மா?" என்று கேளுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று எத்தனை பேர் இருந்தாலும் எழுதிப் பிரித்துக்கொள்ளுங்கள்: யார் பணம், யார் ஆஸ்பத்திரி, யார் எந்த மாதம் ஒரு வாரம் வந்து அம்மாவுக்கு ஓய்வு கொடுப்பது. பணம் அனுப்புபவர், கூடவே இருப்பவரின் கையைக் குறை சொல்லாமல் இருப்பதும் ஓர் உதவிதான்.

பணமும் பத்திரமும்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பா கொடுத்த பவர் பத்திரம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். தேவைப்படும் நேரத்தில்தான் அது செல்லாமல் போகிறது. பிறகு பாதுகாவலர் நியமனத்துக்குக் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். ஆரம்பக் கட்டத்தில் தெளிவாக முடிவெடுக்க முடிகிறபோதே உயில், வங்கிக் கணக்கில் கூட்டுப் பெயர், நாமினி ஆகியவற்றை அவருடைய விருப்பப்படி முடித்துவிடுங்கள். உயில் எழுதும் நாளில் டாக்டர் சான்று வாங்கி வைத்தால் பின்னால் தகராறு குறையும். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், வேண்டாம், தனக்காக யார் பேச வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

வரி கட்டுபவர்களுக்கு: 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவு, பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று நியூராலஜிஸ்ட் சான்று கொடுத்தால், மூத்த குடிமகனின் டிமென்ஷியா சிகிச்சைச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கழிவு தருகிறது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான் இது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்ணை ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபர் முதல் 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், வருமானம் எவ்வளவானாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும் செலவுக்கு. டிமென்ஷியாவில் பெரும்பகுதிச் செலவு வீட்டில்தான்: ஆள் கூலி, டயப்பர், மாத்திரை. பட்ஜெட் போடும்போது அதைக் கணக்கில் வையுங்கள்.

உங்களுக்கு வராமல் தடுக்க முடியுமா?

உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பைக் குறைக்கலாம். மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீதம் வரை டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் கமிஷன் 2024-ல் சொன்னது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகை, அளவுக்கு மீறிய மது, உடலுழைப்பு இல்லாமை, மனச்சோர்வு, தனிமை, தலைக்காயம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஹெல்மெட்டும் டிமென்ஷியா தடுப்புதான். இவற்றில் பலவற்றை முப்பது, நாற்பது வயதிலேயே கவனிக்க ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது

ஒரு நாள் முழுக்க அப்பாவோடு இருங்கள். அவரோடு கடைக்குப் போங்கள், சில்லறையை அவர் கையால் கொடுக்கவிடுங்கள். கவனித்ததை எழுதுங்கள். அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, "வயசாயிடுச்சு" என்ற பதிலோடு விடாமல், "எப்பலேருந்து? முதல்ல என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டே ஊர் திரும்புங்கள். வெறும் வயசு மறதி என்று டாக்டர் சொன்னால் நிம்மதி. டிமென்ஷியா என்றால், அப்பாவிடமே கேட்டு முடிவெடுக்க இன்னும் நேரம் இருக்கும்.